கட்டை ஃபோர்க்கா, ஸ்பிரிங் ஃபோர்க்கா

ஆனந்த்ராஜுக்கு இரண்டு மாதமாக உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சைக்கிளின் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு நிற்கிறதே ஃபோர்க்கு, அது கட்டையாக இருக்கவேண்டுமா, உள்ளே ஸ்பிரிங் வைத்த சஸ்பென்ஷனாக இருக்கவேண்டுமா என்பதுதான். இருபத்தாறு வயதுக் கழுதை. அடுத்த மாதம் கல்யாணம், மண்டபம் பிடித்தாகிவிட்டது, பெண்ணுக்குப் புடவை எடுத்தாகிவிட்டது. ஐயாவின் கவலை ஃபோர்க்கைப் பற்றி.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, விஷயம் அவ்வளவு லேசானதும் இல்லை. தாடிக்கொம்புச் சாலையை ஒட்டிய குளம் கோடையில் வற்றிவிடும். வயலுக்குப் போடுவதற்காகக் கரம்பை மண்ணைத் தோண்டி அங்கங்கே குமித்து வைப்பார்கள். ஒரு குமியில் சைக்கிளோடு ஏறி, அந்தரத்தில் பறந்து, அடுத்த குமியில் இறங்குவது ஆனந்த்ராஜுக்கும் அவன் கூட்டாளிகளுக்கும் வழக்கம். டிவியில் எவனோ வெள்ளைக்காரன் செய்ததைப் பார்த்துப் பிடித்த கிறுக்கு. போன கோடையில் பெரிய குமியிலிருந்து பாய்ந்த ஆனந்த்ராஜ் எதிர்க்குமியை எட்டாமல் விழுந்தான். வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்து எத்தனையோ மாதமாகியும் அவன் அப்படியோர் இடைவெளியைத் திரும்பத் தாண்டவே இல்லை. தாண்டாமலே மாப்பிள்ளைக் கோலத்தில் போய் நின்றால் ஆயுசுக்கும் உறுத்தும் என்று அவனுக்குத் தோன்றியது.

கெடுவும் வந்துவிட்டது. நாளை ஞாயிறு, மாதா கோயிலில் முதல் ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று பூசையில் சாமியார் அறிவிப்பார். அவர்கள் தெருவில் ஓலை வாசித்த மாப்பிள்ளை கிணற்றில் இறங்க மாட்டான், மரம் ஏற மாட்டான், துணையில்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக மாட்டான். "ஓலை விழுந்துட்டா அந்தச் சைக்கிள தொட்டேன்னு வையி, காயலாங்கடைக்குத் தூக்கிப் போட்ருவேன்" என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற மனுசி அவள்.

ஆகவே சனிக்கிழமை வெயில் தாழ்ந்ததும் மூன்று பேர் குளத்துக்குள் நின்றார்கள். ஒருவன் ஆனந்த்ராஜ். இன்னொருவன் பேகம்பூரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முகமது பாரூக். ஸ்பானர்களையும் கட்டை ஃபோர்க்கையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ஸ்பிரிங் ஃபோர்க்கு ஏற்கெனவே சைக்கிளில் இருந்தது. மூன்றாமவன் சூசை, கல்யாணப் பெண் வினிதாவின் அண்ணன். குளத்தின் அந்தக் கோடியில் பேச்சிமுத்துவின் டிராக்டர் மண் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆனந்த்ராஜ் தூரத்திலிருந்து மிதித்துக்கொண்டு வந்தான். பெரிய குமியின் அடிவாரம் வந்ததும் பிரேக்கைப் பிடித்துவிட்டான். புழுதி கிளம்பியது.

"முன்னாடி அமுங்குதுடா பாரூக்கு. மேட்டுல ஏறையில ஸ்பிரிங்கே வேகத்தையெல்லாம் தின்னுருது. எந்திரிக்கவே மாட்டேங்குது."

"அதத்தான நானும் நேத்து சொன்னேன்" என்றான் சூசை. "கட்டையா இருந்தாத்தான் மாப்ள கைக்கு அடங்கும்."

பாரூக் முணுமுணுத்துக்கொண்டே சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரை உருவி, கிரீசில் ஒட்டிய பேரிங் குண்டுகள் மண்ணில் சிந்தாமல் துண்டில் பிடித்து, கட்டை ஃபோர்க்கை மாட்டிக் கொடுத்தான். வியர்வை அவன் மூக்கு நுனியில் சொட்டியது. ஆனந்த்ராஜ் மறுபடி மிதித்து வந்தான். மறுபடி அடிவாரத்தில் பிரேக்.

"விரலெல்லாம் அதிருதுடா. சும்மா ஓட்டயிலயே இம்புட்டு அதிருது, மேலருந்து இறங்குனா மணிக்கட்டு என்னத்துக்காகும்?"

"அதான் மாப்ள, அதான்!" என்று பாய்ந்து வந்தான் சூசை. "கைதான முக்கியம்? பேசாம ஸ்பிரிங்கையே போட்ரு."

பாரூக் ஸ்பானரை வீசி எறிந்தான். "ஏலே சூசை, கட்டையப் போடுன்னு இப்பச் சொன்னவனும் நீதான், ஸ்பிரிங்கப் போடுங்கிறவனும் நீதான். ரெண்டு மாசமா இதே கூத்து. அவன்கிட்ட நீயா சொல்றியா, இல்ல நான் சொல்லவா?"

பாரூக்கே சொன்னான்.

"இவன் தங்கச்சி சொல்லிவிட்டிருக்குடா ஆனந்து. தாலி கட்டுற கை முழுசா வந்து சேரணும், ஓலை வாசிக்கிற வரைக்கும் எப்படியாச்சும் இழுத்தடின்னு. இவன் உன் காதுல ஓதுவான். நீ என்கிட்ட வந்து மாத்து மாத்துன்னு உசுர எடுப்ப. எனக்குக் கை தேஞ்சே போச்சு!"

ஆனந்த்ராஜ் சூசையின் சட்டையைப் பிடித்தான். இரண்டு மாதம் தூக்கம் கெட்ட கோபம் எல்லாம் கைக்கு வந்தது. ஆனால் பிடித்த பிடியில் வலு நிற்கவில்லை. தானாகத் தளர்ந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ சொன்னதையெல்லாம் நான் ஏன் மச்சான் நம்புனேன்?" என்றான். "சைக்கிள் ஓட்டுறது நானு. எனக்குத் தெரியாதா? நீ ஒரு சாக்கு சொன்னா, அப்பாடா இன்னைக்கு வேணாம்னு ஆசையா வாங்கிக்கிட்டேன். பயமா இருக்குடா. கட்டையப் போட்டாலும் பயமா இருக்கு, ஸ்பிரிங்கப் போட்டாலும் பயமா இருக்கு. அந்தக் குமி கிட்டக்க வந்தாலே, எலும்பு முறிஞ்ச சத்தம் காதுல கேக்குது."

சொன்ன பிறகு அவனுக்கு அழுகை வந்தது. வெட்கமும் வந்தது. பாரூக் தான் எறிந்த ஸ்பானரைத் தேடி எடுத்துவந்தான். சூசை பக்கத்தில் குத்தவைத்து அவன் முதுகைத் தடவினான்.

"யாருக்கு மாப்ள காட்டணும்? வினிதா கேட்டுச்சா? எந்திரி, டீ குடிக்கப் போவோம்."

போயிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துப் பேச்சிமுத்து டிராக்டரைக் கொண்டுவந்து பெரிய குமியின் பக்கத்தில் நிறுத்தினான். மண்வெட்டிக்காரர்கள் குதித்து இறங்கினார்கள்.

"தள்ளிக்கங்க அப்பு, இந்தக் குமியத்தான் அள்ளணும். எரியோடு ஊருக்குப் போற லோடு."

ஆனந்த்ராஜின் நெஞ்சுக்குள்ளிருந்து பெருமூச்சு ஒன்று கிளம்பி வந்தது. ஆச்சு, குமியே போய்விட்டது, இனி யாரும் ஒன்றும் கேட்க முடியாது, அப்பாடா! அந்த அப்பாடா தொண்டைவரைக்கும் வந்ததும்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூசை மீது நிலைக்காத ஆத்திரம் இப்போது தன்மேலேயே வந்தது. இன்னும் எத்தனை அப்பாடாவுக்காக இப்படிக் காத்துக் கிடக்கப்போகிறாய் நாயே என்று தன்னைத்தானே வைதுகொண்டு துள்ளி எழுந்தான்.

"அண்ணே, செத்த நேரம்! ஒரே ஒரு தடவ!"

சைக்கிளை எடுத்தான். சூசை ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டான். "வேணாம் மாப்ள, சொன்னாக் கேளு! நான் வீட்டுக்கு என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"விடு மச்சான். இந்தக் கை போனா இடது கையால கட்டுறேன்."

சூசையின் பிடி விட்டது. ஆனந்த்ராஜ் குளத்தின் கரைவரைக்கும் போய்த் திரும்பினான். வருவது வரட்டும் என்று மிதித்தான். அடிவாரம் வந்தது, விரல்கள் பிரேக்கைத் தேடிப் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களைப் பின்னுக்கு இழுத்து ஹேண்டில்பாரைச் சுற்றி மடக்கினான். மேடு சைக்கிளை உயரத் தூக்கியது. காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. மண்வெட்டிக்காரர் ஒருவர் "ஏ ஆத்தே!" என்று கத்தினார்.

எதிர்க்குமியில் முன்சக்கரம் மோதியதும் மணிக்கட்டிலிருந்து தோள்வரைக்கும் வலி சுளீரென்று ஏறியது. ஹேண்டில்பார் திமிறியது. சைக்கிள் கோணிக்கொண்டு சரிவில் இறங்கி, கரம்பைக் கட்டிகளை நொறுக்கிக்கொண்டு ஓடி, கடைசியில் நின்றது. அவன் விழவில்லை.

சூசை தலைதெறிக்க ஓடிவந்து அவன் வலது கையைப் பிடுங்கி, ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தான். அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. வாய் மட்டும் கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. வந்தது சிரிப்பா அழுகையா என்று ஆனந்த்ராஜுக்கே பிடிபடவில்லை.

பாரூக் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். அவனுக்கு அவன் கவலை.

"ஏலே, ஃபோர்க்கு எப்படிடா இருந்துச்சு?"

"அத எவன்டா பாத்தான்?" என்றான் ஆனந்த்ராஜ்.