ஒரே பையில் பட்டாம்பூச்சியும் ஈயும்

புழு பிழைத்தால் பட்டாம்பூச்சி. புழுவுக்குள் ஈயின் குட்டி இருந்தால் ஈ. இரண்டில் ஒன்றுதான் வரும். பத்தொன்பது வருடமாகக் காட்டு ஆராய்ச்சி நிலையத்துக்காகப் புழுக்களைப் பொறுக்கி வந்து வளர்க்கிறேன், இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஈயின் குட்டி புழுவை உள்ளேயிருந்தே தின்று கொழுத்து, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அதற்குப் பிறகு அந்தப் புழு எங்கே பிழைக்கிறது?

அப்படியிருக்க, ஆகஸ்டில் ஒரு காலை 4417-ஆம் பையைத் திறக்கப் போனால், உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி சிறகைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதற்கு ஒரு சாண் கீழே ஒரு ஈ. அதுவும் அப்போதுதான் பிறந்த ஈ, வெளிறிப்போய், இறக்கை இன்னும் சுருங்கலாக.

பையை மூடிவிட்டு வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். இரண்டும் இருந்தன.

பைக்குள் நான் போட்டது ஒரே ஒரு மூங்கில் புழு. என் கையால் போட்டேன், என் கையால் தினமும் மூங்கில் இலை மாற்றினேன், வாயைச் சுருக்கிக் கயிற்றில் மாட்டினேன். எங்கள் கொட்டகையில் அப்படி இருநூறு பிளாஸ்டிக் பைகள் துணி காயப்போட்டது மாதிரி தொங்கும். ஒரு பைக்கு ஒரு புழு, ஒரு எண், நோட்டில் ஒரு வரி. வெளியிலிருந்து ஈ புக வழியே கிடையாது.

சமையல்காரி தெல்ஃபினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் என் கொழுந்தன் நிக்கனோரின் மனைவி. அந்தச் சமயம் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் ஆச்சரியத்தைப் பார்க்க வராமல் இருக்க முடியுமா?

"இதுல என்னக்கா அதிசயம்? ஒரு வயித்துல ரெட்டைப் புள்ள பொறக்கலையா?"

"பொறக்கும்டி. ஒண்ணு கன்னுக்குட்டியா பொறக்குமா?"

"உங்க கொட்டகையில எதுவும் நடக்கும். ஒழுங்கா வளர்த்ததைக் கவனக்குறைவுன்னு எழுதுவீங்க, ஒண்ணு போட்டா ரெண்டு எடுப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் குத்தியது எதற்கென்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும்.

இரண்டையும் குளிர்பெட்டியில் வைத்து, ஊசி குத்தி, எண் எழுதிக் கனடாவிலிருக்கும் டாக்டர் ஆக்ஸலுக்கு அனுப்பினேன். உலகத்து ஈக்களையெல்லாம் பார்த்துப் பெயர் வைப்பவர் அவர். நோட்டில், "4417: பட்டாம்பூச்சி ஒன்று, ஈ ஒன்று" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நானே எழுதியதை என்னாலேயே நம்ப முடியவில்லை. வழக்கமாகக் காலியான பையைக் கழுவிக் காயப்போடுவேன். அந்தப் பையை மட்டும் கழுவ மனம் வராமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

நவம்பர் கடைசியில், மழை ஓய்ந்து காற்று கிளம்பிய வாரத்தில், டாக்டரின் குரல் போனில் வந்தது. எங்கள் ஸ்பானிய மொழியைக் கல்லில் தடுக்கி விழுந்து எழுந்து பேசுகிற மாதிரி பேசுவார், என்னை மரியாதையாகத் 'தோன்யா' என்றுதான் கூப்பிடுவார்.

"தோன்யா எர்மினியா! உங்க ஈ புதுசு. உலகத்துக்கே புதுசு. பார்க்கறதுக்குச் சாதாரண ஈ மாதிரியே இருக்கு, மீசை முடிகூட அதே மாதிரி. ஆனா அதோட ஒரு காலை வெட்டி மரபணுச் சோதனைக்கு அனுப்பினா வேற ஜாதி! அதைவிடப் பெரிய விஷயம், அது தின்ன புழு சாகலை. தின்னுட்டு உயிரோட விட்டிருக்கு. கட்டுரை எழுதி முடிச்சிட்டேன். பேர் உங்க பேர்தான்."

பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதாம், ஆனால் வேறாம். தின்றதாம், ஆனால் சாகவில்லையாம். என் பெயராம்! சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்றே தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் இந்தக் கொட்டகையில் பிறந்த ஈக்களுக்கு டிரைவர் பெயர் வைத்திருக்கிறார்கள், வேலி கட்டியவர் பெயர்கூட வைத்திருக்கிறார்கள். என் பெயரை வைத்ததில்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர உள்ளுக்குள் அந்த ஆசை எனக்கு இருந்தது. பொய் சொல்வானேன்?

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை நிலையத்தின் ஆண்டு விழாவில் அறிவிப்பார்களாம். என் வீட்டுக்காரர் மாட்டுப் பண்ணையில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

"அடுத்தவன் உடம்புல உக்காந்து தின்னுற ஈக்கு என் பொண்டாட்டி பேரு. அந்த டாக்டர் என்னைக் கேட்டிருந்தா முப்பது வருஷம் முன்னாடியே வெச்சிருப்பேன்" என்று அவர் சொன்னதற்குப் பண்ணையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்தவருக்குச் சோளரொட்டியை ஆறவைத்துத்தான் போட்டேன்.

புதன்கிழமை டாக்டரிடமிருந்து இன்னொரு செய்தி. "ஒரு சின்ன விஷயம். ஈ வெளிய வந்ததும் ஒரு காலி ஓடு விட்டுட்டுப் போயிருக்கும், பழுப்பா, அரிசி நொய் மாதிரி. படம் வேணும். பையில தேடுங்க. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

பிஸ்கட் டப்பாவைத் திறந்து பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அடிமூலையில், ஒட்டு மடிப்புக்குள், பழைய எச்சம் காய்ந்து இறுகிக் கிடந்தது. ஊசியால் கிளறினேன். ஓடு இருந்தது, மூடி திறந்த ஓடு. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு இலைத் துணுக்கும் இருந்தது. ஓரம் ரம்பப் பல் மாதிரி, தொட்டால் சொரசொரப்பு.

மூங்கில் இலைக்கு ஏது ரம்பப் பல்? அது குவாசிமோ மரத்து இலை. இந்தப் புழுவுக்கு நான் குவாசிமோ கொடுக்கவே இல்லையே! ஒருவேளை நிக்கனோர்... இல்லை, இங்கே புழு வளர்த்த அவனை ஜூலையிலேயே கொட்டகையை விட்டு அனுப்பியாயிற்று. ஒருவேளை காற்றில்... மூடிய பைக்குள் என்ன காற்று? எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சூரியன் நேராக விழுந்தபோது, 4417 என்ற கறுப்பு மைக்குக் கீழே வேறொரு எண் மங்கலாகத் தெரிந்தது. சாராயம் தொட்டு நான் துடைத்த எண்.

4106.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு புழுவுக்கும் புதுப் பை என்பதுதான் நிலையத்தின் விதி. கட்டுக் கட்டாகப் பை கொடுக்கிறார்கள். எனக்குத்தான் மனசு கேட்காது. நல்ல பையை ஒரே தடவையில் தூக்கிப் போடுவார்களா? வாளியில் அலசி, எண்ணைத் துடைத்துக் காயப்போட்டு மறுபடி எடுத்துக்கொள்வேன். சிக்கனக்காரி என்று எனக்கே என்மேல் ஒரு பெருமை.

நோட்டைப் புரட்டினேன். 4106, ஜூலை மாதம், குவாசிமோ புழு, வளர்த்தவர் நிக்கனோர். எதிரே என் கையெழுத்து: "இறந்தது. வளர்த்தவரின் கவனக்குறைவு."

அன்று நடந்தது அப்படியே காதில் கேட்டது.

"அண்ணி, இது நோய் இல்ல. பாருங்க, விலாவுல ஒரு ஓட்டை இருக்கு. ஏதோ வெளிய வந்திருக்கு. பைக்குள்ளதான் எங்கயோ இருக்கும்."

"ஓட்டையும் இல்ல, கீட்டையும் இல்ல. ரெண்டு நாள் இலை மாத்தாம விட்டுட்டு எனக்குக் கதை சொல்றியா?"

"மாத்தினேன் அண்ணி. சத்தியமா."

அவன் கையிலிருந்து பையைப் பிடுங்கி, செத்த புழுவை எருக்குழியில் கொட்டி, பையை வாளியில் முக்கிவிட்டேன். அது அவனுக்கு மூன்றாவது கவனக்குறைவு. மூன்றானால் கொட்டகையிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள். அவனைக் காட்டுத்தீ தடுப்புப் பாதை வெட்டப் போட்டார்கள். இலையின் முதுகைப் பார்த்தே எந்தப் புழு என்று சொல்கிறவன், நான்கு மாதமாக வெயிலில் புல் வெட்டுகிறான். தெல்ஃபினாவின் கோபம் அதுதான்.

ஆக, மூங்கில் புழுவை யாரும் தின்னவில்லை. அதிசயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நிக்கனோரின் புழுவிலிருந்து வந்த குட்டி மடிப்பில் ஒளிந்து ஓடு கட்டியிருக்கிறது. என் அலசலுக்கும் தப்பி, என் புழுவின் பையில் பிறந்திருக்கிறது.

டாக்டருக்கு இதில் பாதியைச் சொன்னேன். பை பழையது, ஈ வந்தது 4106-லிருந்து என்று மட்டும். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டது கேட்டது.

"அப்போ புழு பிழைச்ச கதை போச்சு. ஆனா ஈ புதுசுதான், அதுல மாத்தம் இல்ல. வளர்த்தவங்க பேரைத்தான் வைப்பேன். 4106 யாரோட பை? அதுவும் உங்களோடதா?"

நோட்டு என்னிடம். கையெழுத்து என்னுடையது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் சனிக்கிழமை விழா நடக்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. "சாயங்காலம் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது.

பையையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு தடுப்புப் பாதைக்கு நடந்தேன். காற்று ஆளைத் தள்ளியது. நிக்கனோர் தொப்பியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு புல்லை வெட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அரிவாளை நிறுத்தினான்.

"என்ன அண்ணி, ஈக்குப் பேரு வெச்ச விருந்துக்குக் கூப்பிட வந்தீங்களா?"

பையை நீட்டினேன். "எண்ணைப் பாரு. கீழ இருக்கறதை."

வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். மூலையில் இலைத் துணுக்கைப் பார்த்தான், பக்கத்தில் காலி ஓடு இருப்பதையும் பார்த்தான். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"புழு விலாவுல ஓட்டை இருந்துச்சுன்னு சொன்னேன்ல?" என்றான்.

"சொன்ன. நான்தான் கேக்கலை. தப்பு என்னோடது நிக்கனோர். அந்த ஈ உன்னோடது. பேரும் உன்னோடதுதான்." அவன் எதிரிலேயே போனை எடுத்து டாக்டருக்குச் சொன்னேன், இந்தத் தடவை முழுசாக. வளர்த்தது நிக்கனோர், குவாசிமோ புழு, அவன் அன்றே சொன்னான், நான் தூக்கி எறிந்தேன் என்று.

"பேரு கெடக்குது அண்ணி. ஈக்கு என் பேரா? தெல்ஃபினா சிரிச்சே செத்துடுவா" என்றான். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டைக் காட்டினான். "அந்த வரி இன்னும் அப்படியேதான் இருக்கா?"

"இருக்கு."

"அடிங்க."

நின்றபடியே நோட்டைத் தொடையில் வைத்து அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். "கவனக்குறைவு" என்ற சொல் மறையும்வரை அடித்தேன். மேலே எழுதினேன்: "ஈ வந்தது. வளர்த்தவர் சரியாகச் சொன்னார். தவறு எர்மினியாவுடையது." அவன் நோட்டை வாங்கி விரலை வைத்து இரண்டு முறை படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். காற்றில் தூசி என்று நானும் வைத்துக்கொண்டேன்.

நோட்டைத் திருப்பித் தரவில்லை. முன்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனான். போன மாதம், போன வருடம். அவன் முகம் மாறியது.

"அண்ணி, எத்தனை வருஷமா பை கழுவுறீங்க?"

என் பெயர் போனது பெரிய விஷயமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்தப் புழுவிலிருந்து இந்த ஈ என்று நான் எழுதிய வரிகளை நம்பி எத்தனை ஈக்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்! அதில் எது எந்தப் புழுவுடையது?

"ஆறு வருஷமா" என்றேன்.

நிக்கனோர் அரிவாளை மரத்தில் சாய்த்து வைத்தான். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நான் அங்கேயே நின்றேன். நாலு எட்டு போய்த் திரும்பிப் பார்த்தான்.

"வாங்க. கயித்துல தொங்குற பையில இருந்து ஆரம்பிப்போம். ஒவ்வொண்ணா வெயில்ல பிடிச்சுப் பாக்கணும்."