பெயரை விட்டுக்கொடுத்த அண்ணன்

வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் பெரியபட்டினத்தில் ஜுனைதாவுக்குப் பாராட்டு விழா. ‘விண்மீன் கண்ட நம்மூர்ப் பெண்’ என்று நோட்டீசு அடித்து, அவள் வாப்பா ஹமீது சுல்தான் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் ஒட்டிவிட்டார். இருபது வருடம் சவூதி வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அங்கே நாலு பேருக்கு முன்னால் நின்று பேசியதில்லை. இப்போது ஒரு வாரமாக, டீக்கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்ணூற்றைந்தாம் வருடம் அது.

புதன்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டுக் காலிதா மாமி வந்து உட்கார்ந்தாள்.

“என்னத்தடீ கண்டுபிடிச்சே? எல்லாரும் எங்கிட்டக் கேக்குறாக. எனக்குச் சொல்லத் தெரியல.”

“பெரிய நட்சத்திரம் எப்படிப் பிறக்குதுன்னு பாக்குறோம் மாமி. சூரியனை மாதிரி இருபது முப்பது மடங்கு கனம். தூசி மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுத்தான் உருவாகும், கண்ணுக்குத் தெரியாது. ஆனா சுத்தியிருக்குற தூசி சூடாகும்ல, அந்தச் சூடு மட்டும் வெளிய வரும். அகச்சிவப்புன்னு பேரு. அதைப் பிடிச்சுப் பாக்குறோம்.”

“புள்ளத்தாச்சி வயித்தத் தொட்டுப் பாக்குற மாதிரி?”

“அப்படித்தான்னு வைங்க.”

“அப்ப இன்னும் பிறக்கல! பிறக்காத புள்ளைக்கா உங்க வாப்பா மேடை போடுறாரு?” என்று மாமி சிரித்தாள். “சரி, அந்தப் படத்தைக் காட்டு.”

ஜுனைதா தன் கட்டுரை வந்திருந்த விஞ்ஞானப் பத்திரிகையை விரித்தாள். கட்டுரையின் தலையில் அவள் பெயர் மட்டும் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் கூட வேலை செய்தவர் குருநாதன், ஆர்.எஸ்.மங்கலத்துக்காரர், அவளுக்கு எட்டு வருடம் மூத்தவர். தொலைநோக்கியை ராட்சத பலூனில் கட்டி முப்பது கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பியது அவர் குழு. இறங்கி வந்த பதிவுகளில் வானத்தின் சூட்டைக் கழித்துச் சுத்தம் செய்து கொடுத்தவர் அவர். அதை வைத்துப் படம் கட்டி, பெரிய மேகத்துக்குப் பக்கத்தில் யாரும் பார்த்திராத ஒரு சூட்டுப் புள்ளியைக் கண்டவள் அவள். கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புகிற நேரத்தில் குருநாதன் தன் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்தார். “முழுசும் உன் உழைப்பு தாயி. நமக்கு எதுக்குப் பங்கு?” என்றார். அதைக் கேட்டு அவள் உம்மா அழுதாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் எது செய்தாலும் குருநாதனுக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தார்கள்.

“இந்தப் பெருசு என்ன? பக்கத்துல இருக்குற சிறுசு என்ன?” மாமி விரலை வைத்தாள்.

“பெருசு எல்லாருக்கும் தெரிஞ்சது. சிறுசுதான் என்னோடது.”

“ஒண்ணுக்கொண்ணு சாயல் இருக்கே. அக்கா தங்கச்சியா?”

மாமி விளையாட்டாகத்தான் கேட்டாள். ஜுனைதா படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தொலைநோக்கிக்குள் ஒரு சின்னக் கண்ணாடி இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கம் நட்சத்திர இடம், மறுபக்கம் வெறும் வானம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வானத்தின் சூடு போய்விடும். சரியாகக் கழிக்காவிட்டால், பிரகாசமான பொருளின் பொய்த்தடம் ஒன்று அந்த ஆட்டத்தின் தூரத்திலேயே பக்கத்தில் விழும்.

தம்பியின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து அளந்தாள். பெருசுக்கும் சிறுசுக்கும் நடுவில், பாகையை அறுபதாகப் பிரித்த கோணக் கணக்கில், நாலேகால் கலை. கண்ணாடி ஆடும் தூரமும் நாலேகால். ஆடிய திசையைப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பொருந்தியது.

அங்கே நட்சத்திரம் எதுவும் பிறக்கவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் இராமேஸ்வரம் கிளம்பினாள். குருநாதன் தன் அய்யாவுக்கு முதல் வருடத் தலைத்திவசம் கொடுக்க அங்கே வந்திருப்பது தெரியும். உம்மா அவர் பங்காக ஒரு டப்பா நிறையத் தொதல் இனிப்பு கொடுத்துவிட்டாள். பாம்பன் பாலம் தாண்டும்போதுகூட அவள் வெளியே பார்க்கவில்லை. இந்தச் சேதி கேட்டு குருநாதன் அண்ணன் உடைந்துபோவாரே, எப்படித் தேற்றுவது என்றே யோசித்துக்கொண்டு போனாள்.

அக்னி தீர்த்தக் கரையில், மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக அவர் நின்றார்.

“ஏ தாயி! நீ எங்க இங்கன?”

“அண்ணே, தப்பு நடந்துபோச்சு. பதறாதீங்க.” டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு பத்திரிகையை விரித்தாள். “இந்தச் சிறுசு இருக்குல்ல, பெருசுக்கும் இதுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன்.”

“நாலேகால்,” என்றார் குருநாதன்.

அவள் இன்னும் எண்ணைச் சொல்லவில்லை.

“உங்களுக்கு எப்படி...?”

அவர் துண்டைப் பிழிந்தார். “நீ அனுப்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பாத்தேன்.”

அந்த வாரம்தான் சிவப்புப் பேனாவை எடுத்திருந்தார்.

“தெரிஞ்சுக்கிட்டா என் பேரை மட்டும் வச்சீங்க?”

“சந்தேகம்தான் தாயி, உறுதியாத் தெரியாது. அடுத்த பலூனுக்கு அனுமதி வேணும், ஏதாச்சும் காட்டுங்கன்னு மேல நெருக்குனாக. எனக்கு வெளிநாட்டு வேலை கைகூடுற நேரம். நீ சின்னப்புள்ள. உன் தப்புன்னா மன்னிச்சு விட்ருவாக. என்னைய விடுவாகளா?”

“என்னைய மன்னிப்பாகன்னு உங்களுக்கு யாரு சொன்னா? எங்க தெருவுல வெளியூர் போய்ப் படிச்ச முதப் பொம்பளப் புள்ள நான். நான் பொய் சொன்னேன்னு ஆச்சுன்னா, அடுத்தவளை எவன் பஸ் ஏத்துவான்?”

“சத்தம் போடாத. யாருட்டயும் சொல்லாம விடு. ரெண்டு வருசத்துல எவனாச்சும் பாத்துட்டு, அங்கன ஒண்ணுமில்லம்பான். போயிரும். எத்தனையோ அப்படிப் போயிருக்கு.”

“எங்க வாப்பா தொழுதுட்டு துஆ கேக்குறப்ப உங்க பேரைச் சொல்றாரு அண்ணே.”

குருநாதன் மணலைப் பார்த்தார். பின்னாலிருந்து ஐயர் கூப்பிட்டார்: “சார், வாங்க! மூணு தலைமுறைப் பேரு சொல்லணும்.”

“இந்தா வாரேன்,” என்று போனார். தொதல் டப்பாவையும் கையோடு கொண்டுபோனார்.

ஜுனைதா தபால் ஆபீஸைக் கேட்டுக் கேட்டு நடந்தாள். அங்கே பசை அப்பிய மேசையில் நின்றபடியே பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். கட்டுரையில் சொன்ன பொருள் வானத்தில் இல்லை, அது கருவியின் பொய்த்தடம், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அடுத்த வரியில் குருநாதனுக்கு இது முன்பே தெரியும் என்று ஆரம்பித்தாள். அதற்கு என்ன சாட்சி? கடற்கரையில் அவர் சொன்னதைக் கேட்டது அவள் ஒருத்திதான். நாளைக்கே இல்லை என்பார். தன் தப்பை அடுத்தவர் தலையில் கட்டுகிறாள் என்பார்கள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அந்த வரி இல்லாமல் முதலிலிருந்து எழுதினாள்.

வாசலில் குருநாதன் வந்து நின்றார். ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

“என் பேரை எழுதிட்டியா?”

கடிதத்தை அவரிடமே நீட்டினாள். இரண்டு தடவை படித்தார். நெற்றிச் சுருக்கம் மறைந்து, முகம் தெளிந்தது. கோயில் கும்பிட்டு வந்த ஆள் மாதிரி ஆகிவிட்டார்.

“நல்ல புள்ள தாயி நீ. உனக்கு ஒரு குறையும் வராது.”

அந்தத் தெளிந்த முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கடற்கரையில் சொன்னதைக்கூடத் தாங்கியிருந்தாள்.

“குடுங்க,” என்று வாங்கி, பதிவுத் தபால் கவுண்டரில் நீட்டினாள். திரும்பியபோது அவர் இல்லை.

ஊருக்கு வந்து இறங்கும்போது வெயில் சாய்ந்திருந்தது. வீட்டு முன்னால் வாப்பா ஏணியில் ஏறி, ட்யூப் லைட்டுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்.

“விழாவை நிப்பாட்டுங்க வாப்பா. நான் சொன்ன நட்சத்திரம் அங்கன இல்ல. தப்புன்னு நானே எழுதிப் போட்டுட்டேன்.”

கையிலிருந்த கம்பியை விடாமல் கேட்டார்.

“அவசரப்பட்டுட்டியேம்மா. குருநாதன் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? அவரு நல்ல மனுசன், நமக்கு ஒரு வழி சொல்லியிருப்பாரே.”

“அவருகிட்ட இருந்துதான் வாரேன் வாப்பா,” என்றாள் ஜுனைதா. “கீழ இறங்குங்க. நீங்க உக்காந்து கேக்கணும்.”