பீரோவின் மேல் அமுதினி

என் வலது தோளுக்கு நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்திருந்தோம். குழந்தையைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ‘மனுதாரரால் தூக்க முடியாத பொருள்’ என்ற இடத்தில் என் மனைவி முத்துக்கனி எங்கள் மகளின் பெயரை எழுதியிருந்தாள்.

நூற்பாலையில் பஞ்சுப்பொதி சரிந்து என் மேல் விழுந்ததிலிருந்து அந்தக் கை இடுப்புக்கு மேல் எழவில்லை. அமுதினிக்கு மூன்று வயது. தூக்கச் சொல்லி அழுவாள். நான் தரையில் உட்கார்ந்து மடியைக் காட்டுவேன். உட்கார்ந்த அப்பா அவளுக்கு வேண்டாம்.

விருதுநகர் அலுவலகத்தில் காப்பீட்டு அதிகாரி ஒரு அம்மாள். அமுதினியைக் கொஞ்சி வாங்கி, இரும்பு பீரோவின் மேல் உட்கார வைத்தார்.

“எடுங்க.”

வலது கை எழவில்லை. இடது கைக்கு எட்டவில்லை. தோளுக்குள் துணி கிழிவதுபோல இருந்தது.

“முடியலம்மா.”

“நல்லது,” என்று குறித்துக்கொண்டார்.

முத்துக்கனி நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறப்போனாள்.

“நீங்க இறக்கக் கூடாதும்மா. அவருதான் மனுதாரர்.”

“அப்ப பிள்ளைய எப்படிக் கூட்டிட்டுப் போறது?”

“அவரு எடுத்தா கூட்டிட்டுப் போங்க. எடுத்துட்டா தோள் நல்லாயிருச்சுன்னு ஆயிரும். கேஸ் முடியிற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

எங்களுக்கு அது நியாயமாகப் பட்டது. பஸ் ஏறும்வரை முத்துக்கனி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஏறியபின் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தினமும் போனோம். முத்துக்கனி தொரட்டிக் கம்பில் தூக்குவாளியை மாட்டி மேலே நீட்டுவாள். அமுதினி சாப்பிட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். அலுவலகத்தில் இருந்தவர்களே அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அவள் வளர வளர பீரோவும் வளர்ந்தது. கூரையை உயர்த்திக் கட்டினார்கள்.

“கை வலிக்குதாப்பா?” என்று மேலிருந்து கேட்பாள்.

“வலிக்குதும்மா.”

“அப்ப வேண்டாம்.”

ஒருநாள் காலையில் தலை சீவிக்கொண்டிருந்தேன். சீப்பு வலது கையில் இருந்தது. முத்துக்கனி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, மனு கெடக்கட்டும். போய்ப் பிள்ளையத் தூக்கிட்டு வாங்க.”

சாப்பிடாமல் ஓடினேன். பீரோவின் கீழே நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன். அமுதினி எட்டிப் பார்த்தாள். சேலை கட்டியிருந்தாள். காதுக்குமேல் ஒரு நரைமுடி தெரிந்தது.

“நான் கனமா இருப்பேன்ப்பா.”

“பரவால்ல. வா.”

“தோளு போயிரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

பீரோவின் கைப்பிடியில் கால் வைத்து அவளாகவே இறங்கினாள். என் எதிரே நின்றாள். என்னைவிட உயரமாக இருந்தாள். அவளை எந்த இடத்தில் பிடித்துத் தூக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

“அவங்களே இறங்கிட்டாங்க. மனு தள்ளுபடி,” என்றார் அதிகாரி.

“கைய இறக்குங்கப்பா,” என்றாள் அமுதினி.

முயன்றேன். “வரலம்மா.”

“அது வேற மனு,” என்றார் அதிகாரி.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கைகள் அப்படி நின்றது அங்கே வசதியாகத்தான் இருந்தது. மேலே கம்பி இருந்தது. கண்டக்டர் வந்தார்.

“எத்தன?”

“ஒண்ணு. ஒரு அரை.”

“அரை யாருக்கு?”

“பிள்ளைக்கு.”

கண்டக்டர் அமுதினியை அண்ணாந்து பார்த்தார். அவள் என் சட்டைப்பையிலிருந்து காசை எடுத்து நீட்டினாள். பிறகு முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கி, என் நெஞ்சுயரத்துக்குக் குனிந்து நின்றாள்.

அவர் அரை டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் வைத்தார்.

ஊர் வரும்வரை அவள் நிமிரவில்லை.