வாப்பாவுக்கு ஒரு பாஸ்வேர்ட்

…அதாவது வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கு கணக்குகள், நான்கே நான்கு, ஒன்று எனக்கு, அது அட்மின், மற்ற மூன்றும் சாதாரணப் பிரஜைகள், வாப்பா, உம்மா, தங்கச்சி இல்மா, பிரஜைகளுக்கு என்ன வேலை, நிர்வாகி திறந்துவிட்ட கதவால் உள்ளே போவது, நிர்வாகி மூடிய கதவைத் தட்டாமல் இருப்பது, அவ்வளவுதான், ஒரு நாட்டுக்கு அரசியலமைப்பு எழுதியவர்களுக்கும் இப்படித்தான் சந்தோஷமாக இருந்திருக்குமா, மவுஸ் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. மணி இரண்டேகால். பள்ளிவாசல் காணிப் பத்திர விஷயமாகப் புத்தளம் கச்சேரி அலுவலகத்துக்குப் போன வாப்பா மூன்றரை மணிக்குப் பாலாவிச் சந்தியில் பஸ்ஸால் இறங்குவார், சீமெந்து லொறிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து வர இன்னும் பத்து நிமிஷம், அதற்குள் ‘செயலாளர்’ என்ற என் கட்டுரை இந்த வீட்டில் எவருடைய கண்ணுக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். நாளைக் காலை அது ‘உப்புக்கல்’லில் வருகிறது. ஆசிரியர் யாரென்று எவருக்கும் தெரியாமல் எங்கள் கல்லூரிக்குள் கைத்தொலைபேசி விட்டுக் கைத்தொலைபேசி தாவுகிற இரண்டு பக்க நையாண்டி அது, ஆசிரியர் நான், இந்தக் கிழமை மாட்டியிருப்பவர் பள்ளிவாசல் நிர்வாக சபையின் செயலாளர், அதாவது வாப்பா. பெயரை மாற்றிவிட்டேன், சுஹைரைக் காசீம் ஆக்கிவிட்டேன், என்றாலும் பாலாவியில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட ஆளைத் தெரியும், ஊர் சிரித்தால் பரவாயில்லை, வாப்பா வாசித்தால்… வாசித்தால் என்ன, ஏசமாட்டார், அதுதான் பிரச்சினை, பேசாமல் தொப்பியைக் கழற்றி மேசையில் வைப்பார், அதைப் பார்க்க என்னால் முடியாது.

ஆனால் விஷயம் எழுதாமல் விடக்கூடிய விஷயமா, யாராலும் முடியுமா, வாப்பா கடிதம் எழுதப் புதுப் பக்கம் திறந்ததே இல்லை, பழைய கடிதத்தைத் திறந்து அதற்கு மேலேயே தட்டுவார், பெயரை மாற்றுவார், திகதியை மாற்றுவார், ஸலாம் ஏற்கனவே இருக்கிறது, சீல் குத்துகிற இடம் ஏற்கனவே இருக்கிறது, மனுஷன் ஏன் மெனக்கெட வேண்டும். எங்கள் ஊர் றிஸ்மினின் கல்யாணத்துக்குப் பள்ளிவாசல் ஜமாஅத் சார்பில் போன வாழ்த்து அதற்கு முந்திய கிழமை ஒரு மையித்து வீட்டுக்குப் போன அனுதாபக் கடிதத்தின் மேல் தட்டப்பட்டது, வலீமா விருந்தில் எல்லாருக்கும் கேட்க வாசித்தார்கள், “மணமக்களின் மறுமை வாழ்வு சிறக்கவும், இவர்களை இழந்து வாடும் குடும்பத்தாருக்கு அல்லாஹ் அழகிய பொறுமையை வழங்கவும்”… அதற்கு மாப்பிள்ளை வீட்டார் ஆமீன் வேறு சொன்னார்கள். நான் என்ன செய்ய, எனக்கு எழுத்து வந்தது அன்றைக்குத்தான் என்றே நினைக்கிறேன்.

பூட்டு ஏன் என்றால், கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியலில் ‘செயலாளர்’ செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் திறக்கப்பட்டதாக இருக்கிறது, அப்போது நான் வகுப்பில், இது இல்மாவின் வேலை, வேறு யார், உடனே கூப்பிட்டு விசாரணை வைத்தேன், அவள் அண்ணன் என்ற பயமே இல்லாமல் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு கொய்யாக்காய் கடித்தபடி, “நானா, ஒங்கட எழுத்த வாசிக்காம இருக்க எனக்குப் பூட்டுத் தேவல்ல. வாசிச்சே ஆகணுமெண்டு சொன்னாத்தான் பயம்” என்றாள். அவளுக்கு நான்கிலிருந்து ஐந்து வரைக்கும் மட்டும் அனுமதி போட்டேன், நேரம் முடிந்தால் திரை தானாக மூடிக்கொள்ளும், பழிவாங்கல் அல்ல, நிர்வாகம். உம்மாவுக்குப் பாஸ்வேர்ட் என்ன வேண்டும் என்று குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றவரிடமே கேட்டேன், யோசித்து யோசித்து, தனக்குப் பாடமான ஒரே இலக்கம் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு மாமியின் போன் நம்பர்தான் என்றார், சரி போட்டேன், ஆனால் கடைசி இரண்டு இலக்கத்தில் அவருக்குச் சந்தேகம் வந்து மதிலுக்கு மேலால் எட்டிச் சத்தமாகக் கேட்டார், மாமியும் சத்தமாகச் சொன்னார், எதற்கு என்று கேட்டதற்கு உம்மா அதையும் விளக்கமாகச் சொன்னார். ஆக உம்மாவின் கணக்கு பாதுகாப்பாக இருக்கிறது, இந்த ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீடும் சேர்ந்து பாதுகாக்கிறது.

மிஞ்சியது வாப்பா. மூன்று பத்து. பொதுவில் கிடந்த அவருடைய கோப்புகளை அவருடைய புதுக் கணக்குக்குள் மாற்றவேண்டும், மாற்றினேன், மொத்தமே ஒன்றுதான், பெயர் ‘கடிதம்’, பதினொரு வருஷக் கடிதங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்துக் கிடக்கிற ஒரே கோப்பு, பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது, புதுக் கணக்கில் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா, அதை மட்டும் பார்க்கத்தான் திறந்தேன், அல்லாஹ்மேல் ஆணை, அதற்கு மட்டும்தான்… எழுத்து ஒழுங்காகவே தெரிந்தது. பெறுநர், ஆசிரியர், உப்புக்கல். அஸ்ஸலாமு அலைக்கும். நாளை வெளிவரவிருக்கும் தங்கள் கட்டுரையை வாசிக்கக் கிடைத்தது. அதில் இரண்டு தவறுகள் உள்ளன. முதலாவது, அனுதாபக் கடிதம் முந்திய கிழமையல்ல, அதே கிழமை எழுதப்பட்டது. இரண்டாவது, செயலாளரின் பெயர் காசீம் என்று உள்ளது. அது பிழை. சரியான பெயர் எம். எஸ். சுஹைர். திருத்தி வெளியிடவும்.

காது சுட்டது, உடனே சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன், குசினிக்குக் கேட்கக்கூடாது, திருத்தி வெளியிடவும் என்கிறாரே, இந்த ஒரு வரிக்கு முன்னால் என் இரண்டு பக்கமும் நிற்குமா, ஆசிரியர் யாரென்று தெரிந்துகொண்டே ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவரை நான் போய் வேலிக்குள் அடைக்கப் பார்த்திருக்கிறேன், செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வாப்பாவா, பாவம் இல்மா, அவளுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கூட்டிக் கொடுக்கலாம்… ஆனால் கடிதம் அதோடு முடியவில்லை. அதற்குக் கீழே, சீல் குத்துகிற இடத்துக்குச் சற்று மேலே, இன்னொரு வரி கிடந்தது. “தங்களைப் போன்ற ஒருவர் எமக்குக் கிடைத்தது அல்லாஹ் எமக்களித்த பாக்கியம், இதனை நேரில் சொல்ல நாம் தவறியிருப்பின் பொறுத்துக்கொள்ளவும்.” வாசித்தேன், திரும்ப வாசித்தேன், யாருக்கு, எனக்கா, வாப்பா எனக்கா, அல்லது இது பழையதா, எங்களுக்குத் தொழுவித்துவிட்டுத் தன் ஊருக்குத் திரும்பிப் போன ஹஸ்ரத்துக்குப் போன மாதம் பள்ளிவாசலில் பிரியாவிடை வைத்து வாப்பா ஒரு கடிதம் வாசித்தாரே, இது அதன் மேல் தட்டியதென்றால், அந்த வரி அழிபடாமல் கிடந்ததென்றால், மணமக்களின் மறுமை வாழ்வு மாதிரி…

செருப்புச் சத்தம். முந்தின பஸ் கிடைத்துவிட்டது போல. கடிதத்தை மூடினேன், திரையில் நான்கு பெயர்கள் மட்டும் நின்றன, வாப்பா பின்னால் வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தார், விளக்கினேன், அட்மின், பிரஜைகள், அனுமதி, அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“எனக்குமா பாஸ்வேர்ட்?”

“ஓம் வாப்பா.”

“என்னத்துக்கு மகன், என்ட கடிதத்தத்தான் ஊரே வாசிக்குதே.” முகத்தில் ஒன்றும் இல்லை, எங்கே வைத்திருக்கிறார் சிரிப்பை, நான் தேடினேன், கிடைக்கவில்லை. பிறகு, போகிற போக்கில், “உள்ளுக்கு ஒரு கடிதம் இருக்கு. அஸருக்குப் பொறகு பிரிண்ட் எடுக்கணும். போன தரம் மாதிரிப் பழசு ஏதும் கெடந்தா பாத்து அழிச்சிரு” என்று சொல்லிவிட்டு தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுழூ எடுக்கப் பைப்படிக்குப் போய்விட்டார்.

அந்த வரியை மட்டும் தெரிவு செய்தேன், நீலமாகியது, விட்டேன், வெள்ளையாகியது, திரும்பவும் நீலம், இந்தக் கம்ப்யூட்டரில் எதையும் திறக்க, எதையும் அழிக்க எனக்கு அதிகாரம் இருக்கிறது, எண்பது நிமிஷம் மெனக்கெட்டு நானே எடுத்துக்கொண்ட அதிகாரம், அழித்தால் இது எனக்கில்லை என்று நானே ஒப்பமிட்ட மாதிரி, அழிக்காமல் விட்டால், பழையதாகவே இருந்தால், ஹஸ்ரத்தின் பாக்கியத்தைக் களவெடுத்தவன் ஆவேன், போய்க் கேட்கலாமா, எதைக் கேட்பது, வாப்பா, இந்த வரி நீங்கள் தட்டியதா, தட்ட மறந்ததா என்றா, சீ… யோசி, அந்தப் பிரியாவிடைக் கடிதத்தில் இப்படி ஒன்று வந்ததா இல்லையா, பாக்கியம் என்ற சொல் வந்ததா, வாப்பாவின் குரல் ஞாபகம் வருகிறது, கடிதத்தைப் பிடித்த கை ஞாபகம் வருகிறது, பின்வரிசையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பிழை விடுவார், எங்கே பிழை விடுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வருகிறது, பிழை விடவில்லை, அதனால் ஒன்றையும் குறித்துக்கொள்ளவில்லை, வேறு ஒரு சொல்கூட…

“இல்மா,” என்று கூப்பிட்டேன், “ஹஸ்ரத்துக்கு வாப்பா வாசிச்ச கடிதத்துல என்ன இருந்திச்சு?”

“பள்ளிவாசலுக்குப் பொம்புளையளா போன? நீங்கதானே நானா போனீங்க” என்றாள் உள்ளேயிருந்து.

ஓம், நான்தான் போனேன்.