சம்மதமாகக் கருதப்படும்

அப்பா கட்டிய வீட்டின் நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கிப் பதினொரு வருடமாகிறது. இந்தப் பக்கம் பெரியவர். அந்தப் பக்கம் அவருடைய தங்கை. தங்கை பங்கு கேட்டதில் அவருக்கு வருத்தமில்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் முழு வீட்டையும் தூக்கிக் கொடுத்திருப்பார். வக்கீலை விட்டுக் கேட்டாளே, அதுதான் அவரைத் தலைகுனிய வைத்தது.

"இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கட்டும்" என்றார். அவருடைய வக்கீல் அதையே ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்தாக்கிவிட்டார்: பொதுச்சுவரிலோ வடிகாலிலோ கை வைப்பவர், பதிவுத் தபாலிலோ நேரிலோ மற்றவருக்கு எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கருதப்படும்.

அதன்பிறகு அந்தச் சுவருக்கு வந்த வாழ்வு வேறெந்தச் சுவருக்கும் வந்திருக்காது. ஆணி அடிக்க ஓர் அறிவிப்பு. வடிகால் மூடியைத் திருப்பிப் போட ஓர் அறிவிப்பு. ஒரு முழத் தூரத்துக்குக் கடிதம் தபால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நாலைந்து நாளில் பதில் வரும்: 'ஆட்சேபணை இல்லை.' கீழே தங்கையின் கையெழுத்து. கல்யாணமாகி முப்பது வருடம் ஆன பிறகும் முன்னெழுத்து அப்பாவுடையதுதான். பெரியவர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆணி அடிப்பது மறந்துபோகும்.

இந்த முறை சுவருக்குப் பூச்சு வேலை என்று எழுதியிருந்தார். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. அதில் தங்கையின் கணவர் கையெழுத்து. பதில் மட்டும் வரவில்லை. தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்கினார்.

"நானே ஒண்ணு எழுதிக் குடுத்துடட்டுமா சார்?" என்று தபால்காரர் சலித்துக்கொண்டார்.

பதினாறாம் நாள் வக்கீல் போனில் வந்தார். "கெடு முடிஞ்சுது. சம்மதம்தான். மேஸ்திரிய வரச் சொல்லுங்க."

"எனக்குப் பதில் வரலையே."

"சட்டப்படி வந்த மாதிரிதாங்க."

"மாதிரிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

போனை வைத்துவிட்டு ஒப்பந்தத்தை எடுத்தார். 'நேரிலோ' என்ற சொல்லில் விரல் நின்றது. அறிவிப்பின் நகலை மடித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, அடுத்த வாசலுக்குப் போய் மணியை அழுத்தினார்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு.

"வழுக்கி விழுந்துட்டேன் அண்ணா."

அண்ணா. அவர் காகிதத்தை நீட்டினார். "கையெழுத்து வேணும்."

"இந்தக் கையாலயா? வேணும்னா இடது கை ரேகை வைக்கிறேன்."

"ரேகையா? நம்ம வீட்டுல எவனும் ரேகை வச்சதில்ல."

"அப்ப அவரையே போடச் சொல்லவா?"

"அவர் இனிஷியல் வேற."

தங்கை சிரித்துவிட்டாள். "சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவீங்கன்னு நினைச்சேன்."

"எடுத்துக்க முடியல."

தங்கை இடது கையால் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"வாயால சொன்னா செல்லுமா?" என்றாள்.

"செல்லாது" என்றார் பெரியவர். "நீ சொல்லு."

"வாசல்ல நின்னுக்கிட்டேயா?"

"எங்க நிக்கணும்னு ஒப்பந்தத்துல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வந்தார்.