மூன்று ருஷ்யர்களும் ஓர் ஏணியும்

ஓடும் கல்கத்தா டிராமில் தொற்றினாள் பூங்கோதை. ஒற்றைச் செருப்பு டாலிகஞ்ச் தண்டவாளத்திலேயே தங்கிவிட்டது.

"தீதி, சாகணும்னு ஆசையா?" என்று வங்க மொழியில் கத்தினான் கண்டக்டர். அவளுக்கு அது உறைக்கவில்லை. இன்று காலை அவள் புருஷன் ஏழுமலையை எழுப்பி நிற்க வைக்கப் போகிறார்கள். அதற்குள் அலிப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுத்தாக வேண்டும்.

எல்லாம் வேதாச்சலத்தின் டிபன் கடையில் கேட்ட பேச்சு. புருஷனுக்குக் காபி வாங்க ஃபிளாஸ்கோடு நின்றிருந்தாள். வாரக்கணக்கில் வானத்தில் மிதந்த மூன்று ருஷ்யர்கள், பத்திரமாகத் தரையிறங்கிய விண்கலத்துக்குள் உட்கார்ந்தபடியே செத்திருந்தார்களாம். கடையே இரைந்தது.

"அமெரிக்காக்காரன் வேலை," என்றார் மித்ரா பாபு.

"கதவைச் சரியா சாத்தலையோ என்னவோ?"

"அதென்ன உம்ம வீட்டு பாத்ரூம் கதவா?"

சிரிப்புக்கு நடுவே வேதாச்சலம் கரண்டியை ஆட்டித் தீர்ப்புச் சொன்னார். "இருதயம்யா! பாரமே இல்லாம கெடந்து பழகிட்டுது. பூமிக்கு வந்து நிமிர்ந்ததும் பட்டுனு நின்னுட்டுது."

பூங்கோதை ஃபிளாஸ்கைக் கடையிலேயே வைத்துவிட்டு ஓடினாள். ஏழுமலையும் வாரக்கணக்காக மல்லாந்தே கிடக்கிறான், ஒடிந்த காலை இழுத்துப் பிடிக்கச் செங்கல் தொங்க. ஒர்க்ஷாப் கூரைக்கு ஏணியில் ஏறும்போது விழுந்தவன். தலைசுற்றல் என்றார்கள், சாராயம் என்றார்கள், பக்கத்து வீட்டு நீலாவதி கண்ணேறு என்றாள். அவன் சொன்னது ஒன்றுதான்: "கால் வழுக்கிருச்சு." பூங்கோதையின் தம்பி, கூட வேலை பார்க்கும் அர்ஜுனன்தான் தூக்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். தினம் சோறு கொண்டுபோனதும் அவன்தான். இன்றும், "நீ முன்னால போக்கா, நான் டாக்ஸியோட வந்து மாமாவைக் கூட்டிட்டு வரேன்" என்றிருந்தான்.

வார்டுக்குள் பாய்ந்தபோது நர்ஸ் ஏழுமலையின் காலைக் கட்டிலிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள்.

"வேணாங்க! நிக்காதீங்க! செத்துப்போன அந்த ருஷ்யாக்காரங்க மாதிரி இருதயம் நின்னுடும்!"

"என்ன பௌதி இது?" என்று வங்க மொழியில் அண்ணி முறை வைத்து நர்ஸ் சிரித்தாள். அதற்குள் அவன் எழுந்து நின்றுவிட்டான். பூங்கோதை பதறி அவன் மார்பில் கை வைத்தாள். இருதயம் நிற்கவில்லை. தறிகெட்டு ஓடியது. அவன் கண் வாசலிலேயே இருந்தது.

"ருஷ்யாக்காரன் கதையெல்லாம் இருக்கட்டும். வீட்டுக்கு யார் கூட்டிட்டுப் போறது?"

"அர்ஜுனன்தான். ஏன் இப்படி நடுங்குறீங்க?"

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குக் கால் வழுக்கலே, கோதை. அர்ஜுனன் கூப்பிட்ட ஸ்டிரைக்குக்கு வரமாட்டேன்னேன். மறுநாள் கீழே ஏணியைப் பிடிச்சுட்டு நின்னது உன் தம்பி. கை நழுவுச்சா, விட்டானா... இத்தனை நாளும் மோட்டைப் பார்த்துட்டு அதையேதான் யோசிக்கிறேன்."

வராந்தாவில் செருப்புச் சத்தம். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, முகம் கொள்ளாத சிரிப்போடு அர்ஜுனன் வந்தான்.

"தைரியமா என் மேல சாயுங்க மாமா. நான் பிடிச்சுக்கறேன்."