தளபதியின் குன்று

ஒரு தளபதியின் கை நடுங்கினால் ராஜ்ஜியங்கள் சாயும். கோட்டைகள் விழும், எல்லைகள் இடம் மாறும், இன்னும் பிறக்காத குழந்தைகள் வேறொரு கொடியின் கீழ் பிறக்கும். வரலாறு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. அந்த வியாழக்கிழமை மாலை தளபதியின் கை நடுங்கியது. அவர் மனைவி சமையலறையில் மிக்ஸியைப் போட்டிருந்தாள். பொம்மைக் குதிரையின் இடது கண்ணில் வைத்த கறுப்புப் புள்ளி வழுக்கிக்கொண்டு மூக்குத் துளை வரை போயிற்று.

"ஒரு அஞ்சு நிமிஷம் அதை நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்தறேன். அப்புறம் பசிக்குதுன்னு வரக் கூடாது."

தளபதி தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொண்டார். நாலு முடி ஒரு பக்கமும் மூன்று முடி இன்னொரு பக்கமும் பிரிந்து நின்ற தூரிகை அது. அவர் நாக்கின் நுனி ஒரு வாரம் நீலமாகவும் ஒரு வாரம் சிவப்பாகவும் இருக்கும். அவர் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் அவருக்கு ஏதோ வியாதி என்று தங்களுக்குள் முடிவு செய்துவிட்டார்கள்.

தளபதி என்பது கிளப்பில் அவருக்கு வழங்கும் பெயர். அதை அவரே வைத்துக்கொண்டு, மற்றவர்கள் அப்படிக் கூப்பிட ஆரம்பிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். பகலில் அவர் குழாய், எல்போ, வாஷர் விற்கும் கம்பெனி ஒன்றின் கிடங்கு மேலாளர். அவர் கையெழுத்தில்லாமல் ஒரு வாஷர்கூட வெளியே போகாது. மாலையில் விரல் உயரப் பட்டாளம் ஒன்றின் அதிபதி.

அந்தப் பட்டாளம் விளையாட்டுக்கானது. இரண்டு பேர் தங்கள் தங்கள் பொம்மைப் படையை ஒரு பெரிய மேஜைமேல் நிறுத்தி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். பொம்மைகள் கடையிலிருந்து வரும்போது வெறும் சாம்பல் பிளாஸ்டிக்தான். கை வேறு, தலை வேறு, ஈட்டி வேறு. ஒட்டி, வண்ணம் தீட்டி ஆளாக்குவது வாங்கியவர் பாடு. வண்ணம் முடியாத சிப்பாய் களத்தில் கால் வைக்கக் கூடாது என்று கிளப்பில் ஒரு சட்டம் உண்டு. "அரைகுறை ஆடையோட போருக்குப் போறது படைக்கு அவமானம்" என்று சொல்லி அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தளபதிதான். அதன் பலனாக, கிளப்பில் ஒரு ஆட்டம்கூட ஆட முடியாமல் போன ஒரே உறுப்பினரும் அவர்தான். ஒவ்வொரு சிப்பாயின் பெல்ட்டுக்கும் கொக்கி, கொக்கிக்குத் தங்க நிறம், தங்கத்துக்கு ஒரு பளபளப்பு என்று வருஷக்கணக்கில் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

ஆடவில்லையே தவிர, அவர் இல்லாத ஆட்டம் கிடையாது. ஆடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, "இடது பக்கம் திறந்து கிடக்கு, பார்க்கலையா?" என்பார். எல்லா ஆட்டத்திலும் எல்லோருக்கும் இடது பக்கம் திறந்தே கிடந்தது.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கை கணவர். கார் ஷோரூமில் விற்பனைப் பிரிவு. யாரைப் பார்த்தாலும் அவர்கள் ஏற்கெனவே கார் வாங்க ஒப்புக்கொண்டதுபோல் சிரிப்பார். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் மேஜைமேல் இருந்த படையைப் பார்த்து, "அண்ணே, நல்லா பொழுது போகும் போலிருக்கே, நானும் வரேன்" என்றார். பொழுது போகும் என்ற அந்தச் சொல்லைத் தளபதி அன்றே மனதில் குறித்துக்கொண்டார்.

சகலை படை தயாரித்த விதம் அதைவிட மோசம். எல்லோருக்கும் கறுப்பு ஸ்ப்ரே. அதன்மேல் காய்ந்த தூரிகையால் சாம்பல் நிறத்தை ஒரு தேய்ப்பு. கடைசியில் பழுப்புச் சாயத்தில் ஒரு முக்கு. டிவியில் மேட்ச் முடிவதற்குள் படை காய்ந்துவிட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் ஒருவனுக்கும் கண் கிடையாது. மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் பிரமாதமாக இருந்தது. இந்த ஆட்டத்தை எல்லோரும் மூன்றடி தள்ளி நின்றுதான் ஆடுகிறார்கள் என்பதைத் தளபதியால் மன்னிக்கவே முடியவில்லை.

இப்போது ஒருவழியாக அவர் படையும் முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எதிரி சகலை.

மிக்ஸி நின்றது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை அவர்கூடத்தானே ஆட்டம்?"

"ஆமா. பாவம், சின்னப் பையன் மாதிரி. கொஞ்சம் கத்துக்கட்டும்."

"அவர் ஏழெட்டு ஆட்டம் ஜெயிச்சிட்டாராமே. தங்கச்சி சொன்னா."

"அதெல்லாம் பகடை. போர் வேற."

"சரி, ஒரு முடிவுக்கு வருவோம். நீங்க ஜெயிச்சா இந்த டைனிங் டேபிள் உங்களுக்கே. நான் வாயைத் திறக்கல. தோத்தா அன்னிக்குச் சாயங்காலமே இதெல்லாம் பரணுக்குப் போகணும். மடியில தட்டை வெச்சு டிவியைப் பார்த்துக்கிட்டுச் சாப்பிட்டு எனக்கு அலுத்துப்போச்சு. எனக்கு என் டேபிளும் நாற்காலியும் வேணும்."

"நாற்காலியுமா?"

"பின்ன நின்னுக்கிட்டா சாப்பிடறது?"

"ஸ்டூல் இருக்கே."

"எங்க அப்பா வாங்கிக் குடுத்தது நாலு மெத்தை நாற்காலி. ஸ்டூல் இல்ல."

நான்கு நாற்காலிகளும் சுவரோரமாக, பழைய போர்வை ஒன்றின் அடியில் இருந்தன. தூசி படியக் கூடாதென்று போர்வை போர்த்தியதும், யாரும் உட்கார்ந்து கெடுத்துவிடக் கூடாதென்று மேலே பெயிண்ட் டப்பாக்களை அடுக்கியதும் தளபதிதான். மனைவிக்கு அவர்மேல் எஞ்சியிருந்த ஒரே நல்ல அபிப்பிராயம் அதுதான்.

"சரி" என்றார் தளபதி. நாற்காலிமேல் இருந்த டப்பா ஒன்றை நேராக நகர்த்தி வைத்தார். "தோத்தாத்தானே."

சனிக்கிழமை மழை. வண்ணம் முடிந்த படைக்குக் கடைசியாக ஒரு பூச்சு வார்னிஷ் அடித்தால்தான் ஆட்டத்தில் கை பட்டாலும் பெயிண்ட் உதிராது. ஈரக் காற்றில் அடிக்காதீர்கள் என்று டப்பாவில் எழுதியிருந்தது. கிடங்கில் ஒவ்வொரு பெட்டியின் லேபிளையும் மற்றவர்களைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்கிற மனிதர் அவர். ஆனால் அந்த எச்சரிக்கையெல்லாம் மற்றவர்களுக்கு. பால்கனியில் அட்டைமேல் படையை வரிசையாக நிறுத்தி, மழையைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, அடித்தார்.

திரும்பி வந்து பார்த்தபோது படை முழுவதும் வெளுத்திருந்தது. கொக்கி இல்லை, தங்கம் இல்லை, குதிரைக்கு அவ்வளவு பாடுபட்டு வைத்த கண் இல்லை. ஈரத்தில் வார்னிஷ் பூத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் நரைத்துப்போயிருந்தார்கள்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மாவைக் கொட்டிட்டீங்களா?"

தளபதி பல் டாக்டருக்கு போன் செய்தார். டாக்டர்தான் கிளப்பின் நடுவர், இதில் எல்லா விபத்தையும் ஒரு முறை பார்த்தவர்.

"எண்ணெய் தடவுங்க தளபதி. சமையல் எண்ணெய் போதும். தூரிகையில மெல்லிசா ஒரு கை, அப்புறம் துணியால ஒத்தி எடுத்துடுங்க. நிறம் திரும்பிடும்."

முதல் சிப்பாய்க்குத் தடவியதும் வெண்மை மறைந்து சிவப்புச் சட்டை மேலே வந்தது. தளபதிக்குக் கண் கலங்கியது. ஒரு சொட்டுக்கே இவ்வளவு பலன் என்றால் என்று கணக்குப் போட்டு, கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி ஒவ்வொருவனையும் முக்கி எடுத்தார். ஒத்தி எடுக்கவில்லை. துணி பட்டால் கொக்கி போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் நல்ல கூட்டம். ஒரு டுட்டோரியல் சென்டரின் மாடியில் பெஞ்சுகளை ஒதுக்கிப் போட்டிருந்தார்கள். களத்தில் வைக்கத் தளபதி வீட்டிலிருந்து தான் செய்த குன்றையும் கொண்டுவந்திருந்தார். நான்கு அடுக்காகச் சரிந்து இறங்கும் பச்சைக் குன்று, உச்சியில் தட்டையான இடம், ஓரமெல்லாம் செதுக்கிய பாறை. அது வந்தாலே கிளப் ஒரு நிமிடம் அமைதியாகும்.

டாக்டர் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார். "இந்த ஸ்பாஞ்ச் எங்கதான் கிடைக்குது உங்களுக்கு? நான் தெர்மாகோல்ல செஞ்சா ஒரே மாசத்துல உதிருது."

"ஸ்பெஷல் சரக்கு டாக்டர். வெளியில கிடைக்காது."

சகலை தன் கண்ணில்லாத படையை மளமளவென்று எடுத்து வைத்தார். தளபதியின் படையைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கினார். "அண்ணே, வாணலியிலேருந்து நேரா வர்றாங்களா?"

"பேசாம ஆடு, சகல."

களத்தில் மூன்று இடங்கள்: குன்று, பாலம், கிணறு. ஒவ்வொரு சுற்று முடிவிலும் யார் எதைப் பிடித்திருக்கிறார் என்று பார்த்துப் புள்ளி போடுவார் டாக்டர். தளபதி தன் படை மொத்தத்தையும் குன்றின்மேல் ஏற்றி நிறுத்தினார். பார்க்க அற்புதமாக இருந்தது. பல பேர் போட்டோ எடுத்தார்கள்.

"உங்க முறை" என்றார் டாக்டர்.

"காத்திருக்கோம்."

சகலை பாலத்துக்குப் போனார்.

"உங்க முறை."

"காத்திருக்கோம். வரட்டும். இது பொறி."

சகலை கிணற்றுக்குப் போனார். போகிற வழியில் அவருடைய ஈட்டிக்காரன் ஒருவன், குன்றின் கீழடுக்கில் நின்ற தளபதியின் கேடயக்காரனை லேசாக உரசினான். கேடயத்தில் ஒரு பொட்டுத் தங்கம் போய் சாம்பல் பிளாஸ்டிக் தெரிந்தது. தளபதி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சண்டை என்றால் இருவர் படையும் முட்டி நிற்க வேண்டும். ஈட்டி ஈட்டியில் படும். கொக்கி கொக்கியில் படும்.

சகலையின் இடது பக்கம் திறந்து கிடந்தது. இந்த முறை நிஜமாகவே திறந்து கிடந்தது. குதிரைகளை இறக்கினால் பாலம் தளபதியுடையது, பாலத்துக்குப் பின் கிணறு. இத்தனை காலம் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னதெல்லாம் இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். கை மட்டும் போகவில்லை.

"தளபதி, இடது பக்கம் பாருங்க" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

"எனக்குத் தெரியும்" என்று சீறினார். "பின்னாடி நின்னு பேசாதீங்க. அது ஒழுக்கமில்ல."

அடுத்த சுற்றிலும் காத்திருந்தார். அதற்கடுத்ததிலும். சகலைக்கே சங்கடமாகிவிட்டது. "அண்ணே, ஏதாவது பண்ணுங்க. எனக்கு என்னமோ தனியா ஆடற மாதிரி இருக்கு."

கடைசிச் சுற்றில் தளபதியின் மனக்கண்ணில் போர்வை மூடிய நான்கு நாற்காலிகள் தோன்றின. மனைவி போர்வையை இழுப்பது தோன்றியது. கொக்கியாவது மண்ணாவது என்று முடிவுக்கு வந்து, "பாய்ச்சல்" என்று அறிவித்து, குதிரைமேல் இருந்த தன் சேனாபதியை இரண்டு விரலால் தூக்கினார். எண்ணெயில் சேனாபதி மீனாக நழுவி, பெஞ்சில் ஒரு முறை பட்டு, தரையில் எங்கோ போய் விழுந்தான்.

குனிந்து தேடினார். சகலையும் குனிந்து தேடினார். பெஞ்சுக்கடியில் குதிரை கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை.

"நேரம் முடிஞ்சுது" என்றார் டாக்டர், கடிகாரத்தைப் பார்த்து, மிகுந்த மரியாதையுடன்.

மாலையில் பட்டாளம் பரணுக்குப் போனது. குன்றும் போனது. தளபதி ஏணிமேல் நின்று நிதானமாக அடுக்கினார், எவ்வளவு நிதானமாக முடியுமோ அவ்வளவு. கீழே மனைவி ஈரத்துணியால் மேஜையைத் துடைத்துக்கொண்டே தங்கையிடம் போனில் பேசினாள். "சமைச்சிட்டேன், ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. ரொம்ப நாளைக்கப்புறம் டேபிள்ல உக்காந்து சாப்பிடலாம்."

"இன்னிக்கே எதுக்கு?" என்றார் தளபதி ஏணியிலிருந்து. "மேஜை ஈரமா இருக்கு. சோஃபாவுலயே..."

"இறங்குங்க."

சகலையும் மச்சினியும் வந்தார்கள். மனைவி பெயிண்ட் டப்பாக்களை இறக்கி வைத்துப் போர்வையை உருவினாள். நாற்காலிகள் புதிது போலவே இருந்தன. "பார்த்தியாடி, எப்படி வெச்சிருக்கார்னு" என்று தங்கையிடம் சொன்னாள். அவள் குரலில் அன்று முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை இருந்தது. தளபதி நின்றுகொண்டே சாப்பிடுவதாகச் சொன்னார். முதுகுவலி என்றார்.

சகலை உட்கார்ந்தார். சரசரவென்று ஒரு சத்தம். உட்கார்ந்த உயரத்திலிருந்து ஒரு ஜாண் கீழே போனார்.

"அண்ணே, இதுக்குள்ள பேப்பர் சத்தம் கேக்குது."

மனைவி அவரை எழச் சொல்லி, மெத்தையின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே பழைய செய்தித்தாள்கள், நன்றாகக் கசக்கித் திணித்தவை. அடுத்த மெத்தையைத் திறந்தாள். அதிலும் செய்தித்தாள். மற்ற இரண்டையும் அவள் திறக்கவில்லை. நிமிர்ந்து பரணைப் பார்த்தாள்.

நான்கு நாற்காலிகளின் ஸ்பாஞ்சும் அங்கே, பச்சை வண்ணம் பூசி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தது.